குறைகடத்தி

வினிப்பெக். பெப்ரவரி.
பூச்சியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
உறைந்த மீனை வெளியே அடுக்கிவிட்டு
நாங்கள் குளிரறைக்குள் போய் இருக்கலாம்
என்று குல்விந்தர் சொல்லிச் சிரிப்பார்.
பதினான்கு போர்க்லிப்டுகள் வரிசையில் நின்று
மின்சாரம் குடிக்கும் அறைக்கு
ஆறு மாதத்துக்கொருமுறை வருவேன்,
ஏணியும் ஒரு சின்ன வாயு உருளையுமாய்.

ஈய மின்கலம் நிறைகையில்
கொஞ்சம் ஐதரசன் விடும்.
பரீட்சைக்குப் படித்த பெயர் அது.
இங்கே ஹைட்ரஜன் என்கிறேன்;
கேட்பவர்கள் அதையும் காஸ் என்கிறார்கள்.
நிறமில்லை, மணமில்லை.
நெருப்பில்லாமல் புகையாது என்போம்,
இது புகையாமலே எரியும்.
பகலில் அதன் சுவாலைக்குள் கைவிட்ட பிறகுதான்
சுவாலை என்று தெரியும்.
பாரமில்லாததால் முகட்டுக்குப் போய்
மூலையில் சேரும்.

ஆகவே முகட்டில் ஒன்று வைத்திருக்கிறோம்.
மிளகளவு வெள்ளீய ஒட்சைட்டு.
உள்ளே ஒரு கம்பி, இரவும் பகலும்
முந்நூறு பாகையில் அதைச் சுட்டுக்கொண்டேயிருக்கும்.
காற்றின் ஒட்சிசன் வந்து அதன் தோலில் குந்தி
இலத்திரன்களைப் பறித்துவைத்துக்கொள்ளும்.
ஓட்டம் மெலியும்.
ஐதரசன் வந்தாலோ
ஒட்சிசனைக் கையோடு கூட்டிக்கொண்டு
நீராவியாய்ப் போய்விடும்.
பறிபோனவை திரும்பும், ஓட்டம் பெருகும், மணி அடிக்கும்.
ஓடிப்போன ஒரு கல்யாணம்,
ஊர் முழுக்கச் சத்தம்.

குறைகடத்தி என்று பெயர் வைத்தவர்
குறைவாய்க் கடத்துவதைத்தான் நினைத்திருப்பார்.
எனக்கு அது
குறையைக் கடத்துவது.

இன்று ஏணியில் நின்று உருளையைத் திறந்தேன்.
நூற்றுக்கு இரண்டு பங்கு.
திரையில் 0.0
குழாயைப் பார்த்தேன், மூடியைப் பார்த்தேன்,
மறுபடி திறந்து
அறுபதுவரை எண்ணினேன்.
0.0
பச்சை விளக்கு அலுங்காமல் எரிந்தது.

யன்னலைக் கவனித்தது அதன் பிறகு.
விளிம்பு நெடுகப் புதிய வெள்ளைப் பசை,
விரலால் இழுத்த தடம்.
சிலிக்கன்.
காயும்போது அது விடும் ஆவி
அந்தச் சூட்டு மிளகில் பட்டுக் கண்ணாடியாகும்,
கண்ணில் படலம் விழுவதுபோல.
படலத்துக்குப் பின்னால் சூடு மட்டும் மிச்சம்.

"யார் பூசினது?"
"நான்தான்."
குல்விந்தர் கையுறையைக் கழற்றிக் காட்டினார்.
இரண்டு விரல் நுனிகள் மெழுகு நிறத்தில்.
யன்னலால் காற்று வருகிறதென்று
மூன்று தரம் எழுதிக்கொடுத்தாராம்.
நவம்பரில் ஒன்று, டிசம்பரில் இரண்டு.
மேலேயிருந்து பதில்?
அதுவும் 0.0
பிறகு தன் காசில் ஒரு டியூப். எட்டு டொலர்.

எந்தத் திகதியில் அது செத்தது?
பதிவேட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாய்ப் பூச்சியம்.
சுகமாயிருந்த நாளின் பூச்சியமும்
செத்த பிறகான பூச்சியமும்
ஒரே கை எழுதியதுபோல.

புதியதைப் பொருத்தி, அது சூடேறும்வரை
மூவருமாய்த் தேநீர் குடித்தோம்.
உருளையைத் திறந்தேன்.
கிடங்கு முழுக்கக் கத்தியது.
சொல்லிவைத்திருந்தும் ரெனாட்டோ ஓடினான்,
கோட்டில்லாமல், பனிக்குள்.
குல்விந்தர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அறிக்கையில் 'காரணம்' என்றொரு கட்டம்.
பசை என்று எழுதினால் அவர் வேலை.
எழுதாவிட்டால்
இன்னொரு குளிர்காலம், இன்னொரு யன்னல், இன்னொரு டியூப்.
பேனா எழுதவில்லை, மை உறைந்திருந்தது.
உள்ளங்கைகளுக்கிடையே வைத்து
வெகுநேரம் உருட்டினேன்.

"யன்னலால் குளிர் வருகிறது.
நவம்பர் தொடங்கி மூன்று தரம் அறிவிக்கப்பட்டது.
திருத்தப்படவில்லை."

பசை
அதற்கடுத்த வரியில்.